ஒன்பதாம் நாள் சைவச் சாப்பாடு

அன்பு மகள் பெய்சினுக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் காய்ச்சல், சளி என்று எதுவும் இல்லை. அப்பாவின் இடது கை விரல்கள் இன்னும் விரியவில்லை, ஆனால் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. ஜெர்மனியில் நீயும் குளிருக்குத் தகுந்த உடுப்போடு, வேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ பாதியிலேயே எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

பால், முட்டைகூட நான் இப்போது தொடுவதில்லை, புத்தாண்டுக்கு வீட்டுக்கு வந்தால் எனக்கு என்ன சமைப்பாய் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், அது வார்தினியைப் பற்றிய பேச்சில் கொண்டுபோய் விடுகிறது. நீ கிளம்பிப் போன வருடம் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஜாவாவிலிருந்து தைவானுக்கு வந்தவள், நீ அவளை வீடியோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறாய். மூன்று வருட ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அவள் மறுபடி கையெழுத்துப் போடுவாளா, ஊருக்குப் போய்விடுவாளா என்பதுதான் ஒரு மாதமாக எனக்கு இருந்த ஒரே கவலை. அப்பா அவள் ஊட்டினால்தான் வாயைத் திறக்கிறார். நான் கரண்டியை நீட்டினால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். முப்பது வருடம் சமைத்துப் போட்டதற்கு இதுதான் மரியாதை.

அப்பா பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து நான் ஒவ்வொரு சந்திர மாதமும் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுவதாக நேர்ந்துகொண்டது உனக்குத் தெரியும். அந்த இரண்டு நாளும் தனிச் சட்டி, சோயா எண்ணெய். அந்த இரண்டு நாளும் வார்தினி மூன்று கிண்ணம் சோறு சாப்பிடுவாள். மற்ற நாட்களில் வெறும் சோறும், அவளே தன் சின்னச் சட்டியில் பொரித்துக்கொள்ளும் ஒரு முட்டையும். அவள் முஸ்லிம் என்பதால் நான் அவளுக்குப் பன்றிக்கறி வைத்ததே இல்லை, கீரையும் முட்டைக்கோஸும் தனியாக வதக்கித் தனித் தட்டில் வைப்பேன். சாப்பாட்டில் நாட்டமில்லாத பெண், விரத நாளில் மட்டும் எப்படியோ பசி வந்துவிடுகிறது என்று நினைத்தேன். உன் சித்தப்பா தியான்செங், "இவ இன்னும் ரெண்டு வருஷத்துல நம்ம கோயில்லயே தங்கிடுவா பாருங்க அண்ணி" என்று சிரிப்பான். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு சாய் அக்கா சமையலறைக்கு வந்தாள், பிறந்ததிலிருந்து சைவம் அவள். நான் சர்க்கரைவள்ளிக் கீரையை வதக்கி, வழக்கம்போல ஜாடியிலிருந்து ஒரு கரண்டி பன்றி நெய்யை மேலே போட்டேன். "யாருக்குடி இது?" என்றாள். வார்தினிக்கு, கறி இல்லாமல் தனியாக என்றேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏன்டி ஸியூகுவெய், சாதாரண நாள்ல உன் வீட்டுல நான் ஏன் ஒரு வாய்கூட வைக்கிறதில்லைன்னு நினைச்சே? உன் கையில அழுக்குன்னா?" என்று கேட்டாள்.

பெய்சின், உன் பாட்டி வீட்டிலும் நம் வீட்டிலும் பன்றி நெய் என்பது எண்ணெய். அதைக் கறி என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் மூன்று வருடம் ஒருத்தி என் எதிரே வெறும் சோறு தின்னும்போது ஏன் என்று நான் கேட்கவில்லை, அதற்குப் பழக்கத்தைக் காரணம் சொல்ல முடியாது. மிச்சச் சோற்று வாளியைத் திறந்து பார்த்தேன். முந்தின நாள் கீரை அப்படியே கிடந்தது. தினமும் அதை அப்பாவின் மிச்சம் என்று நினைத்து, அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று டாக்டரிடம் வேறு சொல்லியிருக்கிறேன். அந்த வாளி சாயங்காலம் குப்பை வண்டியில் ஏறிப் பன்றிப் பண்ணைக்குப் போகிறது. அவள் பங்கை மூன்று வருடமாகப் பன்றிகள் தின்றிருக்கின்றன.

அவளைக் கேட்டேன். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் முதலாளியம்மா" என்றாள், அவ்வளவுதான். சாப்பாட்டைப் பற்றி வாயைத் திறந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவள் ஊரில் பயிற்சியிலேயே சொல்லித்தான் விமானம் ஏற்றிவிடுகிறார்களாம். அவளை வேலைக்கு அனுப்பிய தரகர் அம்மாவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அவள் நிதானமாக, "அதெல்லாம் பழகிக்குவாங்கக்கா. ரொம்பத் தொந்தரவா இருந்தா சொல்லுங்க, வேற ஆளு அனுப்புறேன், எல்லாம் திங்கிற ஆளா" என்றாள். ஃபேன் பழுதானால் கடைக்காரன்கூட என்ன ஆச்சு என்று கேட்பான்.

அதனால் சந்திர மாதம் ஒன்பதாம் நாள், எந்தச் சாமிக்கும் சம்பந்தமில்லாத நாளில், வீடு முழுக்கச் சைவம் சமைத்தேன். ஜாடியை சாய் அக்காவே கழுவிக் கவிழ்த்தாள், பழைய சட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். காளான் போட்ட அரிசி சேமியா, சேப்பங்கிழங்கு வறுவல், மூங்கில் குருத்துச் சூப், இஞ்சி போட்ட டோஃபு. வார்தினி சோயா மொச்சையைப் புளிக்கவைத்து டெம்பே செய்து பொரித்தாள். மிளகாய்த் துவையலுக்குப் பூண்டும் சின்ன வெங்காயமும் உரித்தபோது சாய் அக்கா பதறிவிட்டாள், எங்கள் சைவத்தில் அதெல்லாம் ஆகாதே. "பூண்டு என்னம்மா பாவம் பண்ணிச்சு, அது நடக்குதா, கத்துதா?" என்று வார்தினி கேட்டதும், "கத்தாது, ஆனா தின்னவ வாய் ஊரெல்லாம் கத்தும்" என்றாள் அக்கா. கடைசியில் இரண்டு கிண்ணத் துவையல் ஆனது. குப்பை வண்டியில் கொட்ட வரும்போது வார்தினிக்குப் பழக்கமான, வேறொரு வீட்டில் இதே வேலை பார்க்கும் யாத்மியையும் கூப்பிட்டிருந்தோம், அவளுடைய முதலாளி ஒரு மணி நேரம்தான் விட்டாராம்.

தியான்செங் வந்து மேசையைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு எந்தச் சாமிக்குப் பிறந்தநாள்?" என்றான். எந்தச் சாமிக்கும் இல்லை, வார்தினி சாப்பிடப்போகிறாள் என்றேன். வேலைக்காரியோடு ஒரே மேசையிலா என்பதை அவன் வாய் கேட்கவில்லை, வெட்டித் திருப்பிய கழுத்து கேட்டது. உட்கார இஷ்டமில்லையென்றால் நூடுல்ஸ் கடை திறந்திருக்கிறது என்றேன். உட்கார்ந்தான். டெம்பேயை நான்கு துண்டு தின்றான். சக்கர நாற்காலியில் அப்பாவும் எங்களோடு இருந்தார். வார்தினி அவருக்கு ஊட்டப் போனபோது நான் கரண்டியை வாங்கிக்கொண்டு, நீ சாப்பிடு என்றேன். அப்பா பல்லைக் கடித்தார், அவளைப் பார்த்தார், அவள் வாய் நிறையச் சேமியாவோடு தலையசைத்தாள், பிறகு வாயைத் திறந்தார்.

எல்லோரும் போன பிறகு, இனி இந்த வீட்டில் எப்போதும் இதே எண்ணெய்தான், கையெழுத்துப் போடுகிறாயா என்று கேட்டேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "எண்ணெய்க்கு நன்றி முதலாளியம்மா. எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு வேணும். மூணு வருஷத்துல ஒரு நாள்கூட நீங்க தரல" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்கச் சமைத்து உட்கார வைத்துப் பரிமாறினால் இப்படிக் கேட்கிறாளே என்று எழுந்து போய்விட்டேன். என் கோபம் அன்று சாயங்காலம் வரைதான் தாங்கியது. எண்ணெயை மாற்ற எனக்கு ஒரு செலவும் இல்லை. அவள் கேட்டதற்குத்தான் நான் ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது.

இன்று அவளுடைய முதல் லீவு ஞாயிறு. யாத்மிக்கு லீவு இல்லாததால் வார்தினி தனியாகவே ரயிலேறி தைச்சுங் போயிருக்கிறாள். அப்பாவைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோய்த் திரும்பப் படுக்க வைத்ததில் என் முதுகு விட்டுப்போயிற்று. அவள் எடை என்னில் முக்கால்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

புத்தாண்டுக்கு வா, உனக்குச் சாப்பாடு இருக்கிறது. நீயும் அங்கே அடுத்தவர் வீட்டுக் கிழவர்களைத் தூக்கித்தான் பிழைக்கிறாய். யாராவது தட்டு வைத்தால் எதில் சமைத்தது என்று கேள். பதில் வராவிட்டால் மறுபடி கேள். வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு நன்றி சொல்லாதே. லீவு நாளை விட்டுக்கொடுக்காதே. உடம்பும் மனசும் கெடாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அப்படித்தான் நினைப்பார், சொல்லத்தான் முடியவில்லை. வரும்போது வார்தினிக்கு ஒரு நல்ல முதுகுப் பட்டை வாங்கி வா, எனக்கும் ஒன்று.

அம்மா,
ஸியூகுவெய்
யுவான்லின், ஞாயிறு பகல்