ஒரு சாண் தள்ளிக் கட்டிய ஊஞ்சல்

அத்தான், நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். பக்கத்து வீட்டு வேம்பு முறியும் என்றேன், முறிந்தது. அதைப் பார்த்து உங்கள் மகள் செல்வி பயப்படுவாள் என்றேன், பயந்தாள். நம் புறவாசல் பூவரசை வெட்டவும் ஆள் வருவான் என்றேன், இன்று காலை ரம்பத்தோடு வந்துவிட்டான். எட்டாம் வகுப்பை இரண்டு வருடம் படித்தவன் நான். என் கணக்கில் அது ஒன்பது. ஒன்பது படித்தவன் வாக்கு பொய்க்குமா?

இதை எழுதும்போது அக்காவின் ஊஞ்சல் பெல்ட் என் மடியில் கிடக்கிறது. வெயிலில் வெளுத்து, ஆரஞ்சு நிறம் போய்விட்டது. ஆனால் மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் கப்பல் வாசம்தான்: கிரீஸ், உப்பு, கொஞ்சம் உங்கள் பீடி.

துறைமுகத்தில் சரக்கைக் கப்பலோடு சேர்த்துக் கட்டுவது உங்கள் வேலை. நடுக்கடலில் சரக்கு நகரவும் கூடாது, அதன்மேல் ஒரு கீறல் விழவும் கூடாது. ஆனாலும் அக்காவுக்கு முழங்கால் போய், தரையில் உட்கார முடியாமல் ஆனபோது, ஊஞ்சல் போட அந்தப் பூவரசில் முதலில் ஏறியவன் நான்தான். திரேஸ்புரத்தில் வாங்கிய நைலான் கயிறு. புயல் நாளில் ஏழு வள்ளங்களை ஒரே முடிச்சில் நிறுத்திய கை இது. கிளையை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். நீங்கள் கீழே நின்று பார்த்தீர்கள்.

"ஏலே மாப்ள, மரத்துக்குத் தாலி கட்டுதியா, தூக்கு மாட்டுதியா?"

"ஆணி அடிச்சாத்தான் அத்தான் மரம் சாகும். இது வெறும் கயிறுல்லா."

"ஆணின்னா ஒரு எடத்துல புண்ணு. சுத்தி இறுக்குனா கழுத்துலல்லா சுருக்கு! மரம் பெருக்கும், ஒன் கயிறு பெருக்குமா? எறங்குலே."

இறங்கினேன். மறுநாள், கப்பலில் சரக்கு கட்டிக் கழித்துப் போட்ட பெல்ட் இரண்டைக் கேட்டு வாங்கி வந்தீர்கள். உள்ளங்கை அகலம் இருக்கும். தடித்த கிளையாகப் பார்த்து, லாரி டியூப் துண்டை விரித்து, அதன்மேல் பெல்ட்டைத் தளர்வாகப் போட்டு, முடிச்சு மரத்தில் படாமல் கீழே தொங்கும்படி கட்டினீர்கள். அதோடு விட்டீர்களா? ஒவ்வொரு ஐப்பசியிலும் மழைக்கு முன்னால் அவிழ்த்து, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, ஒரு சாண் தள்ளிக் கட்டுவீர்கள். "ஒரே எடத்துல நொகத்தடி பட்டா மாட்டுக்கும் புண்ணு வரும்லா" என்பீர்கள். நான் கீழே நின்று மேற்பார்வை பார்த்தேன். மேற்பார்வை இல்லாமல் உலகத்தில் எந்த வேலை நடந்திருக்கிறது?

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. அக்கா வீட்டுக்குள் வாய் திறப்பதே இல்லை. சாயங்காலம் ஊஞ்சலில் உட்கார்ந்தால்தான் பேச்சு வரும். தெருச் சேதி முழுக்கச் சொல்லுவாள். பாதி எனக்கு, பாதி உங்களுக்கு.

போன வாரக் காற்றில் பக்கத்து வேம்பு அவர்கள் குளியலறைக் கூரைமேல் விழுந்தது. முறிந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். துணி காயப்போட என்றைக்கோ சுற்றிய கம்பி, மரத்துக்குள்ளேயே புதைந்து கிடந்தது. செல்வி கம்பியைப் பார்க்கவில்லை, விழுந்த மரத்தைத்தான் பார்த்தாள்.

"மாமா, ஆளு வரச் சொல்லிட்டேன். அம்மா தலையில விழுந்தா யாரு பதில் சொல்லுவா?"

அக்கா ஊஞ்சலை விட்டு எழுந்து உள்ளே போனவள்தான். அதற்குப் பிறகு புறவாசல் பக்கமே வரவில்லை.

இன்று காலை பெல்ட்டை நானே ஏறி அவிழ்த்தேன். ரம்பக்காரர் கிளையைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இத்தன வருசம் ஆள் ஆடியும் ஒரு தழும்பு இல்லியே! மரம் கல்லு மாதிரில்லா இருக்கு. இத எதுக்கு வெட்டணும்?"

"வெட்டுங்க" என்றாள் செல்வி.

அப்போதுதான் அதைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கடைசி நிமிஷத்தில் நீங்கள் என் கையைப் பிடித்து, 'மாப்ள, பூவரச வெட்ட விட்ராத, ஒங்க அக்கா உக்காரணும்' என்று மூன்று தடவை சொன்னதை. செல்வி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ரம்பக்காரர் வந்த வழியே திரும்பிப் போனார்.

சத்தம் கேட்டு அக்கா வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏலே, நெசமாவா? என்னையச் சொன்னாவளா?"

"ஆமாக்கா."

அவள் சிரித்து இரண்டு வருடமாகிறது, அத்தான்.

இதை முடித்ததும் ஏறிக் கட்டிவிடுவேன், ஒரு சாண் தள்ளித்தான். உங்கள் கை பார்த்த வேலை என் கைக்கு வந்துவிட்டது. இனி மேற்பார்வைக்குத்தான் ஆள் இல்லை.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நீங்கள் போன அன்று செல்வி சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தாள், அக்காவால் ஆஸ்பத்திரி மாடி ஏற முடியவில்லை. கட்டில் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவன் நான். நானோ ஆஸ்பத்திரி வாசலில், டீக்கடையில் யாரிடமோ கதை அளந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது போர்வையை முகம் வரை இழுத்துவிட்டிருந்தார்கள். நீங்கள் என்ன சொன்னீர்களோ, யாரைக் கேட்டீர்களோ, எனக்குத் தெரியாது.

அக்கா என்றைக்காவது அங்கே வந்து கேட்டால், 'ஆமா, சொன்னேன்' என்றே சொல்லிவிடுங்கள், அத்தான்.