இருக்கிறேன் என்று நீ சொன்ன சனிக்கிழமைகள்

இன்று காலை, ஆசிரியர் அறையில் வரவு இடாப்பைத் திறந்தபோது கைப்பேசி ஒரு தடவை மணியடித்தது. இரண்டாவது மணிக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். வராதபடி செய்ததே நான்தான். ஆனாலும் பேனையைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்.

சென்ற வாரம் வரை திங்கட்கிழமைதோறும் இரண்டு மணிகள். முதலாவது எனக்கு, இரண்டாவது உனக்கு. உன்னிடம் இருந்தது பட்டன் போன். மாகாணத்து வலைப்பந்து நடுவர்களுக்கு இனி இணையத்தில்தான் போட்டிகள் ஒதுக்கப்படும் என்று அறிவித்தபோது, உன் பெயரையும் என் இலக்கத்திலேயே பதிந்தோம். எந்தெந்த நாளில் வர முடியும் என்று நாமே முன்கூட்டிக் குறித்துவைக்க வேண்டும். அதைப் பார்த்து அந்தத் தளம் ஆளை ஒதுக்கும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பஸ் நேரமும் மழையும் தெரியாத ஒன்று நம்மை எங்கெங்கே அனுப்பப் போகிறதோ என்றேன்.

"இப்ப மட்டும் என்னா, ஜீப் வச்சா அனுப்புறாங்க?" என்றாய்.

தளத்தில் தமிழ் இருக்கவில்லை. சொற்களை மொழிபெயர்த்துத் தரும்படி என்னிடம் கேட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மடுவத்தில் நீ தொட்டில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாய். தேயிலைத் தோட்டத்துக் கைக்குழந்தைகளை நீ இருபது வருடம் பார்த்துக்கொண்ட இடம் அது. 'அவேலபிள்' என்ற சொல்லுக்குக் 'கிடைக்கக்கூடியவர்' என்று எழுதி உனக்கு வாசித்துக் காட்டினேன்.

"கெடைக்கக்கூடியவரா? நான் என்னா கூப்பன் கட அரிசியாடி? இருக்கேன்னு போடு. வராட்டி இல்லைன்னு போடு. மனுசன் அப்படித்தான் பேசுவான், டீச்சரம்மா."

நாம் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் பல்கலைக்கழகம் போனதிலிருந்து உனக்கு நான் டீச்சரம்மா. கோபம் வந்தால் மட்டும் பழைய 'டி'. நீ சொன்னதையே எழுதினேன்: இருக்கிறேன், இல்லை. உன் நாட்களை மாதாமாதம் குறிப்போம் என்றேன். நீ கேட்கவில்லை. "வருசத்துக்கும் போட்டு வுடு. சனிக்கெழமைக்கு மடுவத்துல ஆள் மாத்திக்கிறேன்." வருடத்துச் சனிக்கிழமைகள் அத்தனைக்கும் நேரே, உன் பெயரில், 'இருக்கிறேன்' என்று அழுத்தியது என் விரல்.

படித்து முடித்துத் திரும்பி வந்த காலத்தில் எனக்கு யாரோடும் பேச வரவில்லை. விசிலை என் கையில் திணித்தவள் நீ. வலைப்பந்தில் இரண்டு நடுவர்கள், ஆளுக்கு மைதானத்தில் ஒரு பாதி. மற்றவரின் பாதியில் என்ன நடந்தாலும் ஊதக்கூடாது. அரநாயக்கவில் ஒருமுறை உன் பாதியில் ஒரு பிள்ளை பந்தோடு இரண்டு எட்டு கூடுதலாக வைத்துவிட்டது. நீ கவனிக்கவில்லை என்று நினைத்து நான் ஊதிவிட்டேன். ஆட்டம் முடியும்வரை நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பும் பஸ்ஸில், நெருக்கத்தில் நின்றபடி, பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்கும்படி கேட்டாய்: "ஏம் பாதிக்குள்ள நீ எதுக்குடி வந்த? நான் என்னா செத்தா போயிட்டேன்?"

பஸ்ஸில் நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீயே முதலில் சிரித்தாய். இப்போது அந்தக் கேள்வி சிரிப்பில்லாமல்தான் என் காதில் கேட்கிறது.

காய்ச்சல் என்றாய். எலிக்காய்ச்சல் என்றார்கள். நான்காம் நாள் கேகாலை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைப் பெட்டியில் கொண்டுவந்தோம்.

அடுத்த திங்கட்கிழமை கைப்பேசி இரண்டு தடவை மணியடித்தது. உன் பெயர், பக்கத்தில் 'இருக்கிறேன்', கீழே இரண்டு பொத்தான்கள்: ஏற்கிறேன், மறுக்கிறேன். எனக்கு வந்ததை ஏற்றேன். உனக்கு வந்ததையும் ஏற்றேன். கைப் பழக்கம் என்று சொல்லிக்கொண்டேன். முதல் தடவை வேண்டுமானால் அப்படி இருக்கலாம். ஆவிகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை ஒரு வெளிச்சத் திரை, உன் வாயால் சொல்வதுபோல, இருக்கிறேன் என்றது. மறுக்கிறேன் என்று அதற்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. சனிக்கிழமைதோறும் மழை பெய்து போட்டிகள் நின்றதால், நான் செய்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாமல் போனது.

கொடகவெலையில் மழை பெய்யவில்லை.

மைதானத்தில் இரண்டு அணிகளும் தயாராக நின்றன. ஒன்று டவுன் பாடசாலை. மற்றது மலையிலிருந்து கொழுந்து லொறியில் வந்திறங்கிய தோட்டத்துப் பாடசாலை. முதற் சுற்றைத் தாண்டியது அவர்களுக்கு அதுவே முதல் தடவை. ஒழுங்கமைப்பாளர் ஒரு சிங்கள இளைஞர். உன்னையோ என்னையோ முன்பு கண்டதில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு, "அனித் மிஸ் கோ?" என்றார். மற்ற டீச்சர் எங்கே?

"நே," என்றேன். இல்லை.

அதற்குமேல் ஒரு சொல் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. இரண்டு மொழியிலும் அந்த ஒரு சொல் போதும் என்று நின்றுவிட்டேன். அவருக்கு அது 'இன்னும் வரவில்லை' என்று கேட்டிருக்கிறது. ஒரு மணி நேரம் காத்துப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், என் மனம் நோகக்கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னார்: "பரவால்ல மிஸ். அடுத்த சனிக்கெழம அந்த மிஸ் கூட்டிட்டு வாங்க." இரண்டு நடுவர்கள் இல்லாமல் நடத்தினால் முடிவு செல்லாது. அடுத்த கிழமையும் ஆடாவிட்டால், புள்ளி கூடிய டவுன் பாடசாலை மேலே போய்விடும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த வருடம் அத்தோடு முடிந்துவிடும்.

யார் எந்த இடத்தில் ஆடுவார் என்று காட்ட மார்பில் கட்டியிருந்த எழுத்துப் பட்டிகளை அவர்கள் அவிழ்த்து மடித்தார்கள்.

"நம்ம லொறியே வந்துருச்சு, அவங்களுக்கு பஸ் கெடைக்கலையாக்கும்," என்றாள் ஒருத்தி.

"சும்மா இருடி. ஏன் டீச்சர், அவங்களுக்கு சொகமில்லையா?" என்று அணித்தலைவி என்னிடம் கேட்டாள்.

"ம்," என்றேன்.

திங்கட்கிழமை மறுபடி இரண்டு மணிகள். உனக்கு வந்ததில் 'மறுக்கிறேன்' என்பதை அழுத்தினேன். காரணம் கேட்டது: விடுமுறை, உடல்நலக் குறைவு, வேறு போட்டி, ஏனையவை. ஏனையவை என்று குறித்தேன். உடனே இன்னொரு கட்டம் திறந்தது. 'மீண்டும் எந்த நாளிலிருந்து இருப்பீர்கள்?' நான் மொழிபெயர்த்த வசனம்தான்; அன்றைக்கு அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. திகதி போடாமல் அது மூடவும் இல்லை.

இடைவேளையில் அந்த ஒழுங்கமைப்பாளரை அழைத்தேன். "எயா நெதி வுனா," என்றேன். ஒருவர் இறந்ததைச் சிங்களத்தில் மரியாதையாக அப்படித்தான் சொல்வார்கள்: அவர் இல்லாமல் ஆனார். நீ போனதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. தமிழில் சொல்லியிருக்க முடியும் என்று தோன்றவில்லை.

"அனே மிஸ். எப்ப?"

"ஏழு கிழமை."

"அப்ப அன்னைக்கு மிஸ் 'நே' சொன்னது..."

"அதுதான்."

மதியத்துக்குள் உன் வரியை எடுத்துவிட்டார். இரத்தினபுரியிலிருந்து ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்.

நேற்று முன்தினம் ஆட்டம் நடந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு கோல்களால் தோற்றார்கள். ஆடித் தோற்றார்கள். கைகொடுக்க வந்த வரிசையில் அணித்தலைவி நின்று, "அந்த டீச்சருக்கு சொகமாயிருச்சா?" என்று கேட்டாள். பதினாறு வயதிருக்கும். அவளிடம் இன்னொரு 'ம்' சொல்ல என்னால் முடியவில்லை.

"அவங்க செத்துப் போயிட்டாங்க, பிள்ள. நீங்க காத்துக்கிட்டு நின்னதுக்கும் முந்தியே. எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல."

அவள் என்னைக் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் வேறுவிதமாக மாறியது. பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ஐயோ டீச்சர், நாங்க கெழம முழுக்க அவங்கள ஏசிக்கிட்டு இருந்தோமே!"

உன்னிடம் சொல்ல வேண்டியது இதுதான். இருபது வருடத்தில் ஒரு ஆட்டத்துக்குக்கூட நீ பிந்தியதில்லை. உன்னைக் கண்டேயிராத பிள்ளைகள் லொறியிலும் வகுப்பிலும் உன்னை வராத டீச்சர் என்று ஏசியிருக்கிறார்கள். உன்னை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கப் பார்த்தேன், வராதவளாக்கி வைத்திருந்தேன். அந்த ஏச்சு என்னுடையது. அதை உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.