கண்ணாடிமேல் ஒரு கோழிக்குஞ்சு

மார்ச் 3, செவ்வாய்

இன்று ரொடாந்தே வேலைக்கு வரவில்லை. மணிலா துறைமுகத்தில் கன்டெய்னர்களை எக்ஸ்ரேயில் பார்க்கும் அறையில் நாங்கள் இரண்டே பேர். ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் கழிப்பறைக்குக்கூடப் போக முடியாது. காலையெல்லாம் அவனை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

மத்தியானம் செய்தி வந்தது. கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து குதித்துவிட்டானாம்.

குதித்தானா? பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறவே நடுங்குகிறவன்!

மார்ச் 4

போன வாரம் 'பழைய இரும்பு' என்று ஒரு கன்டெய்னர் வந்தது. திரையில் வரிசை வரிசையாகத் துப்பாக்கிகள். "இரும்புதான் அக்கா, ஆனா பழசு இல்ல" என்று சிரித்துக்கொண்டே தடுத்து வைத்தான். சரக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடையது. இங்கே அதன் கூட்டாளி செனட்டர் ஒருவரின் மருமகன். எங்கள் தலைவர் எவாரிஸ்தோ சார், "விட்டுடுப்பா" என்றார். இவன் விடவில்லை.

இன்று கன்டெய்னர் இல்லை. கணினியில் படமும் இல்லை. அதைப் பார்த்த கண்ணில் இனி மிச்சம் என் கண்தான்.

மார்ச் 5

சவம் கிடத்திய கூடத்தில் ராத்திரி கண்விழிக்க வழக்கம்போல ஒரே சீட்டாட்டம், காப்பி, பிஸ்கட். ரொடாந்தேயின் மனைவி பெர்லா கூடையிலிருந்து ஒரு கோழிக்குஞ்சை எடுத்துச் சவப்பெட்டியின் கண்ணாடிமேல் விட்டாள். அரிசியைத் தூவினாள். சீட்டாட்டம் நின்றுபோனது. கொலையுண்டவனுக்குத்தானே குஞ்சு வைப்போம்!

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் எவாரிஸ்தோ சார்.

"தானா விழுந்திருந்தா குஞ்சு சும்மா அரிசி தின்னட்டும் சார். தள்ளினவன் இருந்தா அவன் மனசைக் கொத்தட்டும்."

சாரோடு வந்த கம்பெனிக்கார வெள்ளையருக்கு ஒன்றும் புரியவில்லை. அழகாக இருக்கிறது என்று குஞ்சைப் போனில் படம் பிடித்தார். சார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வாசலில் சார் என்னை ஓரமாக அழைத்தார். "வர்ற புதன்கிழமை அவன் சாவு பத்தி செனட் விசாரணை. அவன் மனசொடிஞ்சு இருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உனக்கும் உயரம்னா பயமா, நெனிதா?"

சொல்கிறேன் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

பயத்தில் நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். சாவு வீட்டிலிருந்து கிளம்பினால் வழியில் எங்காவது ஒரு கஞ்சிக்கடையிலாவது உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் செத்தவன் கூடவே வந்துவிடுவான். சின்ன வயசிலிருந்து ஒருநாளும் மறந்ததில்லை. இன்று மறந்தேனே.

மார்ச் 6

டொக், டொக். சமையலறை ஜன்னலில். திறந்து பார்த்தால் யாரும் இல்லை.

மார்ச் 8

மறுபடியும் அதே சத்தம். தட்டில் சோறு, எதிரே காலி நாற்காலி. "ஏன்டா வந்தே? நான் என்ன பண்ணட்டும்?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

மார்ச் 10

நாளைக்குத்தான் விசாரணை, அடக்கமும். அடக்கம்வரை பெட்டி இருக்கும் அந்தக் கூடத்துக்கே பெர்லாவைப் பார்க்கப் போனேன். அவள் அழவில்லை.

"அவரு மனசொடிஞ்சு இருந்தாருன்னு சொல்லப் போறீங்களாமே?"

என் கையைப் பிடித்து உள்ளங்கையில் அரிசியை வைத்தாள். "இன்னைக்கு நீங்க போடுங்க அக்கா."

குஞ்சு என் கையிலேயே கொத்தியது. வலிக்கக்கூட இல்லை. ஆனால் சிதறிய அரிசியைக் கண்ணாடிமேல் கொத்தியபோது அந்தச் சத்தம்... ஐயோ, என் ஜன்னலில் கேட்ட அதே சத்தம்.

மார்ச் 11, புதன்

சொல்லிவிட்டேன். கேமராக்களுக்கு முன்னால், அந்தக் கன்டெய்னரின் எண்ணோடு, விடச்சொன்னவர் பெயரோடு. அந்த மருமகனின் மாமனாரான செனட்டர் தண்ணீர் குடித்தார். எவாரிஸ்தோ சார் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அதுதான் பயமாக இருந்தது.

அங்கிருந்து அடக்கத்துக்குப் போனேன். முடிந்ததும் எல்லோரும் கஞ்சிக்கடைக்கு நடந்தார்கள். நான் திரும்பி நின்று, "வாடா, வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டு நேரே வந்தேன்.

ஜன்னலில் சத்தமே இல்லை. எதிர்ப்பக்கம் மட்டும் ஒரு கறுப்புக் கார், விளக்கை அணைத்துக்கொண்டு நிற்கிறது.

தங்கை கோரிங்குக்குப் போன் போட்டேன். "நான் எங்கயாவது விழுந்து கெடந்தா, பெட்டிமேல குஞ்சு வைக்க மறந்துடாதடி" என்றேன்.