ஹைன்றிச் என்றொரு பூட்டன்

அப்பா,

ஹொல்ம்லியா ரயில் நிலையத்தடிக் கடையில் இப்போது பாண் சுடத் தொடங்கியிருக்கிறார்கள். இன்று முட்டை வாங்கப் போனவளை, சீரகம் போட்ட கறுத்தப் பாணின் வாசம் வாசலிலேயே மறித்தது. முட்டையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன். செத்துப்போன மனிதரோடு என்ன கோபம் என்று கேட்பீர்கள். நீங்கள் சொன்ன பொய்க்குத் தங்கச்சி என்ன விலை கொடுத்தாள் என்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பாணை நீங்கள் சுடுவீர்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு மாவை அடித்துப் பிசைந்தபடி, "இது எங்கடை பரம்பரைப் பாண். ஹைன்றிச் பூட்டன்ரை கைப்பக்குவம்" என்பீர்கள். றெயில்பாதை போட ஜெர்மனியிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தவராம். இடது காலைச் சற்று இழுத்து நடப்பாராம். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டி, அங்கேயே மண்ணாகிப் போனாராம். நானும் தங்கச்சியும் அந்தப் பாணைப் பெருமையோடு மென்றோம். பாண் நல்ல பாண்தான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட் மண்டபத்தில் எந்தத் தமிழருடைய கொண்டாட்டத்துக்குப் போனாலும் உங்களைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். "தம்பி ஊரிலை எவடம்?" என்று ஒருவர் தொடங்குவார். "அதிலை எந்தப் பக்கம்?" என்பார் அடுத்தவர். "கோயிலுக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?" உடனே நீங்கள் சிரிப்பீர்கள். "அதை ஏன் கேக்கிறியள் அண்ணை, எங்கடை பூட்டன் ஒரு ஜெர்மன்காரன்!" எல்லோரும் சிரித்து உங்கள் மூக்கைப் பார்ப்பார்கள். அடுத்த கேள்வி வராது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே ஊரை விட்டுக் கொழும்புக்கு வந்துவிட்டோம். அவர்கள் விலாசம் கேட்கிறார்கள் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

உங்களுடைய அறுபதாவது பிறந்தநாளுக்குப் பூட்டனையே தேடிப் பிடித்துத் தருவதென்று முடிவு செய்தேன். நூலகத்தில் முன்னோரைத் தேடப் பழக்கும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். அங்கே இருந்தவர்களெல்லாம் நோர்வே முதியவர்கள். வெள்ளிச் சுரங்கத்துக்கு வந்த ஜெர்மன் பாட்டன்களைப் பாதிப் பேர் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டனுக்கு மூன்று பதிவில் மூன்று வயது, இன்னொருவர் ஞானஸ்நானம் பெற்ற தேவாலயமே எரிந்து போயிருந்தது. வகுப்பு நடத்திய அம்மையாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வாய்வழிச் செய்தியைப் பென்சிலால் எழுத வேண்டும். இரண்டு இடத்தில் உறுதியானால்தான் பேனா. உங்கள் பக்கம் முழுவதும் பென்சிலாகவே கிடந்தது.

ஜெர்மனியில் எந்த ஊர் என்று உங்களைக் கேட்டேன். ஒருநாள் வடக்கென்றீர்கள், இன்னொருநாள் தெற்கென்றீர்கள். எந்தக் கப்பல் என்றேன். "கப்பல் எண்டால் கப்பல்தான் பிள்ளை." விடாமல் குடைந்த பிறகு ஒரு ஊர்ப்பெயரும் குடும்பப் பெயரும் தந்தீர்கள். கூடவே, "நதிமூலம் ரிஷிமூலம் தேடப்படாது" என்றீர்கள். நாங்கள் நதியுமில்லை ரிஷியுமில்லையே என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான் தேவாலயங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் ஜெர்மன் மொழியில் கடிதம் எழுத, நீங்கள் எதிரே இருந்து தேத்தண்ணி குடித்தீர்கள். வருடக் கணக்காக! "விடு பிள்ளை, அது பொய்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதாதா?

அறுபது வருவதற்கு முன்பே மாரடைப்பு உங்களைக் கொண்டு போனது. நான் தேடலை விடவில்லை. உங்களுக்குச் செய்யும் கடமை என்று நினைத்தேன், மடைச்சி. கடைசியில் அந்த ஊரிலிருந்து ஒரு பதில் வந்தது. அந்தப் பெயரில் யாரும் இலங்கைக்குப் போகவில்லை. பழைய பதிவுகளில் அப்படி ஒரு குடும்பமே இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கிலிருந்து அகதியாக வந்த ஹைன்றிச் என்ற ஒருவர் மட்டும் அங்கே பேக்கரி வைத்திருந்தார். கால் ஊனமானவர், அண்மையில்தான் காலமானார்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவ அடுப்பை நிறுத்திவிட்டு வந்து கதிரையில் இருந்தா.

"அப்பா இஞ்சை வர முன்னம் ஜெர்மனியிலை அந்த ஆளின்ரை பேக்கரியிலைதான் வேலை செய்தவர். நல்ல மனுசனாம். தன்ரை மேசையிலை இருத்திச் சாப்பாடு போட்டவராம்."

"அப்ப எங்கடை பூட்டன் ஆர்?"

"பூட்டனை எனக்குத் தெரியாது. பூட்டியைத் தெரியும், அப்பாவின்ரை அப்பாச்சி. நான் கலியாணம் முடிச்சு வரேக்கை உயிரோடை இருந்தவ. பெரிய வீட்டுக்காரரின்ரை தோட்டத்திலை கூலிக்கு நிண்டவ. வேலிக்கு வெளியிலை நிண்டு சிரட்டையிலை தேத்தண்ணி வாங்கிக் குடிக்கிற சாதி நாங்கள். அப்பாவைப் பெத்த மனுசனைப் பள்ளிக்கூடத்திலை சேத்தது அவதான். பொடியனை அடிச்சுக் கலைச்சுப் போடுவினம் எண்டு, பள்ளி விடுமட்டும் படலையடியிலை வெயிலுக்கை நிப்பாவாம்."

அப்பா, மண்டபத்தில் நின்றவர்களுக்கு நீங்கள் சொன்ன பொய்யைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் போதும். ஒஸ்லோப் பனியில் வந்து நின்றும் அதையே கேட்கிறவர்களுக்கு இன்னும் பெரிய பொய்யாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டுக் கதவைப் பூட்டிய பிறகு, எங்கள் சாப்பாட்டு மேசையில், எங்களுக்கும் ஏன் அதையே ஊட்டினீர்கள்? வெயிலில் நின்றவளைத் தள்ளிவிட்டு அவளுடைய இடத்தில் ஒரு பேக்கரிக்காரனை உட்கார வைத்தீர்களே, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தால்தான் என்ன? உங்கள் அப்பாவும் அவருக்குப் பின் நீங்களும் எழுத்துக் கூட்டி வாசித்ததே அவள் நின்ற நிலையால்தானே!

அந்த மாதம்தான் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசினார்கள். பேர்கனில் அவள் வேலை செய்த மருத்துவமனையில் பழக்கமான பொடியன். அவளாக விரும்பியது. "கலியாணம் முடியுமட்டும் வாயைத் திறக்காதை" என்று அம்மா என் கையைப் பிடித்துக் கெஞ்சினா. நான் தங்கச்சியிடம் மறைக்கவில்லை. வீட்டில் ஒரு பொய்க்காரர் போதும். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவை கேட்டால் நான் கதைக்கிறன் அக்கா, நீ கதைக்காதை" என்றாள்.

கேட்டார்கள். பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்த பொடியனின் தாய் பலகாரத் தட்டைப் பார்த்தபடியே கேட்டா. "உங்கடை அப்பாவின்ரை ஆக்கள் ஜெர்மன் கலப்பாமே?"

"இல்லை அன்ரி," என்றாள் தங்கச்சி. "அப்பா சும்மா சொன்னவர். எங்கடை பூட்டி தோட்டத்திலை கூலி வேலை செய்தவ. கோயிலுக்கு உள்ளை விடாத ஆக்கள் நாங்கள்."

அந்த மனுசி கையில் எடுத்த தேத்தண்ணியை வாய் வைக்காமல் மேசையில் வைத்தா. "நேரமாச்சு, வெளிக்கிடுவம்" என்றா. பொடியன் தங்கச்சியைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், தாய்க்குப் பின்னால் போய்ச் சப்பாத்தைப் போட்டான். நோர்வேயில் பிறந்து வளர்ந்தவன். மறுநாள் கைத்தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்பினான், அம்மா சம்மதிக்க மாட்டாவாம். அத்தோடு முடிந்தது. தங்கச்சி வேலைக்குத் திரும்பிப் போகாமல் இரண்டு கிழமை என் அறையில் படுத்துக் கிடந்தாள்.

அந்த நிரம்பிய கோப்பையைப் பார்த்தபோது நீங்கள் எதற்குப் பயந்தீர்கள் என்று எனக்கு விளங்கியது. விளங்கியதால் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. இப்படி ஒரு கோப்பை வரும் என்று உங்களுக்கு முதலே தெரியும். அது வரும் நாளுக்கு எங்களைத் தயார் செய்யாமல், எங்கள் கையில் பாணைத் தந்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

அவர்கள் போன அன்று இரவு தங்கச்சி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அம்மாவிடம் கேட்டாள். "பூட்டியின்ரை பேர் என்ன?"

"பொன்னி."

பிறகு அம்மாவே திருத்தினா. "தாய் வைச்ச பேர் பொன்னம்மா. 'அம்மா' எண்டு முடியிற பேரெல்லாம் உங்களுக்கு எதுக்கெண்டு கேட்டு, பெரிய வீட்டுக்காரர் அப்பிடிக் கூப்பிட விடேல்லை. பொன்னி எண்டே செத்துப்போனா."

பிறகு நான் தேடிய ஊர்ப் பதிவு எதிலும் அவள் இல்லை. எழுத யாரும் மினக்கெடவில்லை, இருந்த ஒரு வாயையும் நீங்கள் மூடிக்கொண்டீர்கள்.

இந்த வருடம் எனக்கு மகள் பிறந்திருக்கிறாள், அப்பா. "இந்தக் காலத்திலை ஆர் பிள்ளை இப்பிடிப் பேர் வைக்கிறது? சனம் சிரிக்கும்" என்று அம்மா அழுதா. சிரிக்கட்டும். நோர்வே அரசாங்கத்தின் பிறப்புப் பதிவில் பொன்னம்மா என்று ஓர் எழுத்தும் குறையாமல் எழுதக் கொடுத்துவிட்டு வந்தேன். மண்டபத்தில் பிள்ளையின் பெயரைக் கேட்கிறவர்களுக்கு முழுதாகச் சொல்கிறேன். யாருடைய பெயர் என்று கேட்டால், அதையும் சொல்கிறேன்.