அப்பாவின் ஓட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா உடம்பளவில் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி கிளி பிடிக்காமல் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், எழுதி அனுப்பலாம் என்றால் என் போனில் எது வந்தாலும் அவர்தான் எடுத்துச் சத்தமாகப் படிக்கிறார், ஆபரேஷன் ஆகிப் புதுக் கண் வந்ததிலிருந்து படிப்பு ஜாஸ்தியாகிவிட்டது. அவர் காதில் விழக் கூடாத ஒன்றை உன்னிடம் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் பஸ் டிப்போவுக்குப் போயிருக்கிறார், ஓய்வு பெற்ற பிறகும் வாரம் இரண்டு நாள் போய் பழைய எஞ்சின்களைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்குகிறது. தையல் மெஷின் மேலேயே பேப்பரை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கண்ணு, நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன், நாளை மறுநாள் வியாழக்கிழமை அது அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதுதான் விஷயம்.

நம் ஊர் ஃபுட்பால் கிளப்பை அந்தப் பெரிய ஊர் கிளப்போடு சேர்த்தது உனக்குத் தெரியும், அப்பா வாராவாரம் உன்னிடம் புலம்புவதுதான். ஆனால் போனில் அவர் உனக்குச் சொல்வது பாதிதான். சேர்த்தார்கள் என்று பெயர், நம்மைக் கரைத்துவிட்டார்கள் என்பதுதான் நிஜம். முதலில் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதினார்கள், நம்முடையது வாலில் இருந்தது, மூன்றாம் மாதம் பெயர் நீளமாக இருக்கிறது என்று வாலை வெட்டினார்கள். ஆட்டமெல்லாம் ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கிற அவர்கள் மைதானத்தில்தான். சிவப்புச் சட்டை, கையில் ரிப்பன் அகலத்துக்கு ஒரு பச்சைக் கோடு, அதுதான் நமக்குக் கொடுத்த மரியாதை. நம் மைதானத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன, கோல் கம்பத்தைப் பிடுங்கிய இரண்டு குழியிலும் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. நீயும் அப்பாவும் நின்று கத்துவீர்களே வடக்குப் படிக்கட்டு, அதில் லாரிக்காரர்கள் துணி காயப் போடுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்கும் துணி காய வேண்டுமே.

இதில் பெரிய கூத்து என்னவென்றால் எனக்குத் தையல் வேலை குவிந்துவிட்டது. புதுச் சட்டையை வாங்கிக்கொண்டு வந்து, இந்தச் சின்னத்தைப் பிரித்துவிட்டுப் பழைய பச்சைச் சின்னத்தை வைத்துத் தைத்துக் கொடுங்கள் என்கிறார்கள். வாங்காமலே இருக்கலாமே என்று ஒருவரிடம் கேட்டுவிட்டேன். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாரே, அவர். "ஆடுறது நம்ம பசங்களும்தானேக்கா, அவங்களை எப்படி விடறது, ஆனா இந்தச் சின்னத்தை நெஞ்சுல வச்சுக்க முடியல" என்றார், சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ஐம்பது வயது ஆள். நான் சட்டையை வாங்கிச் சின்னத்தைப் பிரிக்க ஆரம்பித்தேன். வருகிறவர்கள் எல்லாரும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, சேர்க்கலாம் என்று ஓட்டுப் போட்ட பாவி எவனோ அவன் நாசமாய்ப் போவான் என்று வாய் வலிக்கத் திட்டிவிட்டுப் போகிறார்கள். நான் வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு தலையை ஆட்டுகிறேன். குண்டூசி இருக்கிற வரைக்கும் பேச வேண்டியதில்லை.

அந்தப் பாவி நான்தான். சேர்க்கலாமா வேண்டாமா என்று உறுப்பினர்களுக்கு ஓட்டுச் சீட்டு வந்த அன்றைக்கு அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து நாலாவது நாள். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண் முன்பே மங்கல், அவரை பாத்ரூமுக்குக் கைபிடித்துத்தான் கூட்டிப் போவேன். அதற்கு முந்தின நாள் கிளப்பிலிருந்து டை கட்டிய ஒருவர் வீடு வீடாக வந்தார், அப்பா தூங்கிக்கொண்டிருந்ததால் என்னிடம்தான் பேசினார். "ஐயா இந்தக் கண்ணோட இன்னும் எத்தனை வருஷம்மா மழையில நிப்பாரு, சேர்ந்துட்டா கூரை வரும், சீட்டு வரும், மைதானம் பெருசாகும், ஊரை விட்டு எங்கயும் போக மாட்டோம்" என்று தேனாகப் பேசினார். மறுநாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, வேண்டாம் என்கிற கட்டத்தில் டிக் போடு, கையெழுத்து எங்கே என்று காட்டு, நானே போடுகிறேன் என்றார். நான் வேண்டும் என்கிற கட்டத்தில் போட்டேன். தெரியாமல் போடவில்லை, தெரிந்தேதான் போட்டேன். அப்புறம் அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன், அவர் பாட்டுக்கு நம்பிக்கையாகக் கையெழுத்துப் போட்டார், "சரியா விழுந்துச்சா" என்று வேறு கேட்டார். சரியாக விழுந்தது என்றேன். அவர் மழையில் நனையக் கூடாது என்றுதான் செய்தேன், சத்தியமாக அதுதான் முதல் காரணம். ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், ஓரத்தில் இன்னொன்றும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை என்றால் அவர் இந்த வீட்டில் கிடையாது. கடை கண்ணிக்கு, உறவுக்காரர் விசேஷத்துக்கு, நீ பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு, எல்லாவற்றுக்கும் ஆட்டம் முடிந்துதான் வந்தார். பெரிய மைதானம், எல்லாம் ஒழுங்கு என்று ஆனால் இந்தப் பைத்தியம் கொஞ்சம் தணியும், எனக்கும் ஒரு சனிக்கிழமை கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்துவிட்டது, எல்லாச் சனிக்கிழமையும் கிடைத்துவிட்டது. மூன்று மணிக்குப் பழைய பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிற மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல்லு.

ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது என்று பேப்பரில் வந்தது. கட்டு அவிழ்த்த பிறகு அப்பா புதுக் கண்ணால் முதன்முதலில் படித்தது அதைத்தான். ஒன்பதில் நம்முடையது ஒன்றுதானே என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், மனசு கேட்கவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆபரேஷன் ஆனவர், ரத்தக் கொதிப்பு ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஒரு வாரம் போகட்டும் என்று விட்டேன். அந்த ஒரு வாரத்தில் சலூன் மாமா தலையில் பழி விழுந்துவிட்டது. ஓட்டுக்கு முன்னால் அவர் கடையில், கிளப் செத்துப் போறதுக்குச் சேர்ந்து பொழைச்சாலும் தேவலை என்று ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான், நம் தெருவில் வேண்டும் என்று போட்டது அவர்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் எடுபடவில்லை. உன் அப்பா அவரிடம் பேச்சை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. முப்பது வருஷமாக அந்த நாற்காலியைத் தவிர வேறெங்கும் தலையைக் கொடுக்காத மனிதர் இப்போது வீட்டிலேயே சவரம் செய்து தாடையெல்லாம் கீறிக்கொள்கிறார். அவர் போகாததைப் பார்த்து மற்றவர்களும் போவதில்லை. நான் கடந்து போகும்போதெல்லாம் மாமா காலி நாற்காலியில் தானே உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் குனிந்துகொண்டு நடையைக் கட்டுகிறேன்.

போன மாதம் எலக்ட்ரீஷியன் வேனில் எட்டுப் பேர் சேர்ந்து அந்த ஊருக்கு ஆட்டம் பார்க்கப் போனார்கள், அதையாவது உன்னிடம் சொன்னாரா தெரியவில்லை. நான்தான் பிடித்துத் தள்ளி அனுப்பினேன், போய் ஒருதடவை பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நப்பாசை. மறுநாள் காலையில் வந்தார். எப்போதும் ஆட்டம் பார்த்துவிட்டு வந்தால் தொண்டை கட்டியிருக்கும், இரண்டு நாளைக்குச் சைகைதான், நீ கூடக் கேலி செய்வாய். அன்றைக்குக் குரல் மணி மாதிரி இருந்தது. "யாருக்குன்னு கத்தறது, பக்கத்துல இருக்கறவன் வேற பாட்டுப் பாடறான், நாம பாடினா திரும்பிப் பாக்கறான்" என்றார். கோல் விழுந்ததும் எல்லாரும் எழுந்தார்களாம், இவர்கள் எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம், அடித்தது நம் பையனா அவர்கள் பையனா என்று தெரிவதற்குள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்களாம்.

இப்போது வியாழக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டு எண்ணியதில் தில்லுமுல்லு என்று இவர்களுக்குச் சந்தேகம். உறுப்பினர் யார் கேட்டாலும் ஓட்டுச் சீட்டுகளைக் காட்ட வேண்டும் என்று கிளப் விதியில் இருக்கிறதாம், அப்பா முன்னால் நின்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார், அனுமதி வந்துவிட்டது. ரகசிய ஓட்டு இல்லை கண்ணு, ஒவ்வொரு சீட்டிலும் உறுப்பினர் எண்ணும் கையெழுத்தும் உண்டு. பத்து மணிக்கு வக்கீலோடு போய் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறார்கள். அப்பா, என் சீட்டைத்தான் முதலில் எடுப்பேன், அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் சீட்டுக்குப் போவேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். எனக்குத் தெரியும், அதைப் பார்த்ததும் அவர் என்னைச் சந்தேகப்படவே மாட்டார். பார்த்தீர்களா, என் ஓட்டையே மாற்றிவிட்டார்கள், இதுதான் அத்தாட்சி என்று வக்கீல் முன்னால், அத்தனை பேர் முன்னால் தூக்கிக் காட்டி முழங்குவார். எல்லாரும் அவரை நம்புவார்கள். அப்புறம் கையெழுத்து அவருடையதுதான் என்று தெரியும், அந்த டிக் யார் போட்டது என்று ஒரு ஆள் கேட்பான், அந்த இடத்தில் அத்தனை பேர் நடுவில் அவருக்கு ஞாபகம் வரும்.

அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று இந்த வாரத்தில் மூன்று தடவை அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். மூன்று தடவையும் வேறு எதையோ கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆறு மாதத்துக்கு அப்புறம் மனிதர் இப்போதுதான் இரண்டாம் தடவை சோறு கேட்கிறார், குளிக்கும்போது பழைய ஆட்டத்துப் பாட்டைப் பாடுகிறார், எப்படியும் கிளப்பைத் திருப்பிவிடலாம் என்று நம்புகிறார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது. நேற்று மனசு தாங்காமல் சலூன் மாமாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முதலில் கோபம்தான் வந்தது, வராமல் என்ன. "ஆறு மாசம் தங்கச்சி, ஆறு மாசம் இந்தக் கடையில ஈ ஓட்டினேன், இப்ப வந்து எங்கிட்டச் சொல்றியே, மச்சான்கிட்ட இல்ல சொல்லணும்" என்று கத்தினார். நான் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே தண்ணீர் கொடுத்தார். பிறகு, "சொல்லாதே, நான் வேணா சேரலாம்னு ஓட்டுப் போட்டது நான்தான்னு ஒத்துக்கறேன், அவன் அந்தச் சீட்டைத் தேடப் போகாம இருந்தாச் சரி" என்றார். அது நடக்காது அண்ணே, அவர் தேடுவது தன் சீட்டையே என்றேன். அவர் மறுபடி கத்தியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார், நான் எழுந்து வந்துவிட்டேன். நல்ல மனிதரை இப்படி ஆக்கிவிட்டேனே.

நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்றுதான் இதை எழுதுகிற இந்த நிமிஷம் நினைக்கிறேன். என்னை எனக்குத் தெரியும், அதனால் உறுதியாக எழுத முடியவில்லை. கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும், அதற்குள் நான் சொல்லியோ அவரே பார்த்தோ எல்லாம் முடிந்திருக்கும், அப்பா உனக்குப் போனும் செய்திருப்பார். ஆகையால் என்ன செய்வது என்று உன்னிடம் நான் யோசனை கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், வேலை வேலை என்று இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு ஓடாதீர்கள், சின்னச் சண்டை வந்தாலும் தூங்குவதற்கு முன் பேசி முடித்துவிடுங்கள், மனசில் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும் என்று மனசாரக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அப்பா உன்னிடம் பேசும்போது, அம்மா பாவம், உங்கள் நல்லதுக்குத்தான் செய்தாள் என்று எனக்காக ஒரு வார்த்தை கூடச் சொல்லாதே. அவரோடு சேர்ந்து என்னைத் திட்டு. அவர் பக்கம் நின்று கத்த இந்த ஊரில் இனி யாரும் இல்லை, நீயாவது நில்லு.

உன்
அம்மா