எண்ணப்படாத ஓட்டு

இன்று காலை கதவைத் திறந்ததும் மாடிப்படி முழுக்க எள் வறுக்கும் வாசம். எதிர்வீட்டு மராட்டிக்காரம்மா சங்கராந்திக்கு எள்ளுருண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார். நாளை மறுநாள் பொங்கல். போன வருடமும் இதே வாசம் வந்தது. அப்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இந்த வருடம் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். உன்னோடு பேசவேண்டும் போல இருந்தது.

நாம் முதன்முதலில் பேசியது தண்ணீர் லாரிக்கு முன்னால்தான். புனே பக்கம் ரஞ்சன்காவில் புதிதாகத் தொடங்கிய தொழிற்சாலைக்கு என் கணவருக்கு மாற்றல் வந்தது. கோந்த்வாவில் வாடகை குறைவு என்று யாரோ சொல்லி இங்கே வந்து சேர்ந்தோம். ஏன் குறைவு என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எனக்கு இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். லாரிக்காரனிடம் மராட்டியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த, நர்ஸ் உடுப்பிலிருந்த ஒருத்தி சட்டென்று என் பக்கம் திரும்பி, "கொடத்த இங்கிட்டு வைங்க, இவன் ஒங்கள ஏமாத்தப் பாக்குறான்" என்றாள். அது நீ.

"தமிழ்னு எப்படிங்க தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"நீங்க முழிச்ச முழியிலயே தெரிஞ்சிருச்சே" என்று சிரித்தாய்.

இருவருக்கும் ஒரே வயது என்று தெரிந்ததும் வாங்க போங்க எல்லாம் போய் 'வாடி போடி' வந்துவிட்டது. உன் தமிழ்தான் எனக்குப் பிடிபடவே இல்லை. கோத்தகிரி என்று சொன்னாய். ஆனால் நான் எதைச் சொன்னாலும் "மெய்யாவா?" என்று கேட்பாய். எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் யாரும் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை. கோத்தகிரிக்கு முன்னால் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நீ என்பது, கார்ப்பரேஷன் தேர்தல் வந்த அந்த வருடப் பொங்கல் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கட்டடத்துக்குக் கீழே வண்டிகளையெல்லாம் நகர்த்திவிட்டு, செங்கல் அடுக்கி, தமிழ்க் குடும்பங்கள் எல்லாரும் சேர்ந்து பொங்கல் வைத்தோம். தீப்பிடித்துவிடும் என்று பயந்துகொண்டே நின்ற குடியிருப்புச் சங்கத்து செக்ரட்டரியை ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, "மாமா, பால் பொங்கறப்ப நீங்கதான் மொதல்ல சத்தம் போடணும்" என்று மராட்டியில் சொல்லிவிட்டாய். பால் பொங்கியபோது அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்த நேரம், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று ஓட்டுக் கேட்டுக்கொண்டு வாசலைக் கடந்து போனது. "அண்ணே, ஒங்க ஓட்டு எந்த ஸ்கூல்ல?" என்று என் கணவரைக் கேட்டாய்.

"அது இந்த ஊர்க்காரங்க சமாச்சாரமுங்க" என்றார் அவர். "நாம பொழைக்க வந்தவங்க. பையன் படிப்பு முடிஞ்சா ஊருக்குப் போயிருவோம். நம்ம ஓட்டெல்லாம் பொள்ளாச்சியில பத்திரமா இருக்குது."

"அங்க பத்திரமா இருக்குற ஓட்டுக்கு இங்க கொழாயில தண்ணி வருமா?"

எல்லாரும் சிரித்தோம். மூன்றாம் மாடியில் இருந்த சென்னைக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர், "யார் வந்தாலும் ஒண்ணுதான் சிஸ்டர். ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போவுது?" என்றார்.

நீ சிரிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாய். "எங்கப்பாவப் பத்தி ஒங்க யாருக்கும் நான் சொன்னதில்ல" என்று ஆரம்பித்தாய்.

"அப்பா பொறந்தது தோட்டத்து லயத்துல. லயம்னா வரிசையா கட்டின கூலி வீடுங்க. அவரோட அப்பாவும் அங்கதான் பொறந்தாரு. அந்த நாட்டுக்கு சுதந்திரம் வர்ற நேரத்துல அப்பா மொத ஓட்டு போட்டாராம். அதுக்கப்புறம் ஒரு சட்டம் வந்துச்சு. தோட்டத்து ஆளுங்க இந்த நாட்டுக்காரங்க இல்லன்னுட்டாங்க. எலக்சன் அன்னிக்கு எல்லாரும் கீழ ரோட்டுல ஓட்டுப் போடப் போவாங்க. அப்பா மேல தோட்டத்துல மண்வெட்டியோட நின்னு பாத்துக்கிட்டு இருப்பாரு. எனக்கே ஞாபகம் இருக்கு. அப்புறம் எங்கள கப்பல் ஏத்தி விட்டுட்டாங்க. கோத்தகிரிக்கு வந்து, பேரு சேத்து, அவரு ரெண்டாவது ஓட்டு போடுறப்ப தல நரைச்சுப் போச்சு. கல்யாண வேட்டியக் கட்டிக்கிட்டுப் போனாரு. வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்ல. வெளிய கல்லுல ஒக்காந்து வெரல்ல இருந்த மையையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

என் கணவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீயே எழுந்து, "பொங்கல் ஆறுதே, சாப்பிடுங்க" என்று எல்லாருக்கும் இன்னொரு கரண்டி வைத்தாய்.

தேர்தல் அன்று என்னையும் துணைக்குக் கூப்பிட்டாய். எனக்கு இங்கே ஓட்டு இல்லை. பள்ளிக்கூட வாசல்வரை வந்து நின்றேன். வரிசை நகர்ந்து நீ உள்ளே போனாய். கொஞ்ச நேரத்தில் உன் குரல் உயர்ந்தது. எட்டிப் பார்த்தேன். உன் பெயரில் யாரோ ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

நீ இடது கையை மேசைமேல் விரித்து வைத்திருந்தாய். "என் விரலைப் பாருங்கள், மை எங்கே?" என்று மராட்டியில் கேட்டது வாசல்வரை கேட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாது, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். நீ பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாய். ஓட்டைக் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்றாய். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் இந்தியில், "ஒரு ஓட்டுக்கா இத்தனை ரகளை?" என்றார். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் தேர்தல் அதிகாரியான அம்மாள் வந்தார். உன் ஆஸ்பத்திரி அடையாள அட்டையைப் பார்த்தார், கேள்விகள் கேட்டார், விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு வழி இருக்கிறது என்றார். தனியாக ஒரு வாக்குச்சீட்டு தருவோம், அதை உறையில் போட்டு ஒட்டி வைத்துவிடுவோம், வழக்கு என்று வந்தால்தான் பிரிப்பார்கள், மற்ற ஓட்டுகளோடு எண்ண மாட்டார்கள். பரவாயில்லையா?

"குடுங்க" என்றாய்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் போனவள் வெகு நேரம் வரவில்லை. திரும்பும் வழியில் கேட்டேன்: "எண்ணவே போறதில்லீன்னா எதுக்குடி அவ்வளவு நேரம்? எதுலயாச்சும் குத்திப்போட்டு வர வேண்டியதுதான?"

"எண்ணுறதும் எண்ணாததும் அவங்க பாடு. யாருக்குப் போடணும்னு யோசிக்கிறது என் பாடு இல்லயா?"

நம் கட்டடத்து கேட்வரை நன்றாகத்தான் வந்தாய். லிஃப்ட் கதவு மூடியதும் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாய். "என் பேருக்குப் பக்கத்துல அப்பா பேருதானடி இருக்கும். வந்து போட்டவ, அவரு பேரையும் சேத்துத்தான சொல்லியிருப்பா?"

நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவின் பெயரோடேயே இருந்துவிட்டாய். அதை அந்த நிமிடத்தில்தான் யோசித்தேன். உன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன்.

அடுத்த மாதமே பெயர் சேர்க்கப் போனேன். என் கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தன் பெயரையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். ஆனால் அடுத்த கார்ப்பரேஷன் தேர்தல் வருவதற்குள் உனக்கு நோய் வந்துவிட்டது. மருந்தில் முடியெல்லாம் கொட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டிருந்தாய். அந்த வருடப் பொங்கலுக்குக் கீழே இறங்கி வர முடியாமல் பால்கனியிலிருந்து குலவை போட்டாய். தேர்தல் அன்று மட்டும் பொழுது விடிந்ததும் என் கதவைத் தட்டினாய். "சீக்கிரம் வாடி, வேற எவளாச்சும் முந்திக்கப் போறா."

கேட் திறக்கும் முன்பே போய் நின்றோம். பெண்கள் வரிசையில் நீ முதல், நான் இரண்டாவது. வெளியே வந்ததும் இரண்டு பேரும் விரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். உன் விரல் எவ்வளவு மெலிந்துவிட்டிருந்தது. நீ மையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். "இத எண்ணுவாங்கடி" என்றாய். அவ்வளவு சந்தோஷமாக உன் முகத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

மறு வருடம் மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். கோத்தகிரியிலிருந்து உன் தம்பி வந்திருந்தார். ஊருக்குக் கொண்டுபோவதா என்று கேட்டதற்கு, "அக்கா இங்கதான்னு சொல்லிட்டாங்க" என்றார். நம் கட்டடத்து மராட்டிக்காரர்கள், தமிழர்கள் எல்லாருமாகத்தான் உன்னைக் கொண்டுபோனார்கள். செக்ரட்டரி முன்னால் நடந்தார்.

நாங்கள் ஊருக்குப் போகவில்லை. பையன் படிப்பு முடிந்து வேலைக்கும் போய்விட்டான். அந்தப் பேச்சை இப்போது என் கணவரும் எடுப்பதில்லை.

போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், "நீங்க எந்த ஊருங்க அம்மிணி?" என்று கேட்டார்.

"புனேங்க" என்றேன்.

"இல்லீங்க, சொந்த ஊரக் கேட்டேன்."

"அதத்தானுங்க சொன்னேன்."