தெரிந்தே விடுவித்தவர்

வில்லாபுரம்,
மதுரை.

பாசத்துக்குரிய மகள் தாமரைச்செல்விக்கு, அம்மா ஆண்டவர் நாமத்தில் வாழ்த்துச் சொல்லி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். கடிதம் என்றால் எழுதுகிற சுகம் இல்லை கண்ணு, நிஜமாகவே சுகம், ஏன் என்று போகப்போகத் தெரியும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஜெர்மனிக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் பெயர் சொல்லிக் கேட்கிறேன். பருப்புப் பொடியும் சுண்டவத்தலும் பார்சலில் வைத்திருக்கிறேன், வத்தலை ஒரு தடவை வெயில் காட்டிவிட்டு டப்பாவில் போடு, அங்கே வெயிலே இல்லாவிட்டால் வாணலியில் லேசாகச் சூடு காட்டினால் போதும். இங்கே பங்குனி பிறப்பதற்கு முன்னாலேயே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. நம் தெருவில் மறுபடியும் பள்ளம் தோண்டிப் போட்டுவிட்டார்கள், ஆட்டோ உள்ளே வருவதில்லை. உன் சித்தி மகளுக்குத் திருப்பரங்குன்றத்தில் ஒரு வரன் பார்த்திருக்கிறார்கள், பையன் மருந்துக்கடை வைத்திருக்கிறான், குணசாலி என்கிறார்கள், பார்ப்போம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, சொல்ல ஆரம்பித்தால் நான் அழுவேன், நீ டூட்டியில் நின்றுகொண்டு அழுவாய், பாதியில் லைன் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். பதறாமல் கடைசிவரை படி. அப்பா உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அப்பா ஓட்டிய பஸ் உசிலம்பட்டி ரோட்டில் சைக்கிளில் மோதியதும், அதில் போன சின்னக்கருப்பன் என்கிற விவசாயி அந்த இடத்திலேயே இறந்துபோனதும் உனக்குத் தெரியும். சைக்கிள்தான் திடீரென்று குறுக்கே வந்தது, டிரைவர் மேல் தப்பில்லை என்று கண்டக்டர் சாட்சி சொன்னதும், போன வருஷம் கோர்ட்டு அப்பாவை விடுதலை செய்ததும் தெரியும். அன்றைக்கு நீ போனில் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லி அழுதாய், நானும் அழுதேன். ஆனால் அப்பா அன்றிலிருந்துதான் ரொம்ப மோசமாகிப்போனார், அதை நான் உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன் என்று ஒரு குடோனில் காவல் வேலைக்குப் போய்விட்டார். கோவிலில் கடைசி பெஞ்சுதான். திருவிருந்து அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து போனால் இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். சனிக்கிழமையானால் கோவில் வளாகம் முழுக்கப் பெருக்குவார், கக்கூஸ் கழுவுவார், யாராவது கூட வாரேன் என்றால் விட மாட்டார். நாற்பது நாள் லெந்து காலம் முடிந்தாலும் உபவாசத்தை விடவில்லை, வயிறு ஒட்டிப்போய், சட்டை கொடியில் தொங்குகிற மாதிரி ஆகிவிட்டது. நான் ஒவ்வொரு தடவையும் "அதான் கோர்ட்டே விட்டுருச்சே, இன்னும் எதுக்கு இம்புட்டு வருத்திக்கிறீக"ன்னு கேட்பேன். கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் நல்ல மனுசன், ஓர் உயிர் போனதைத் தாங்க முடியவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதத்திலிருந்து நிருப வாசகம் வாசிக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிப்போய்விட்டது. நம் சபைக்குப் புதிதாக வந்திருக்கிற ஆயரம்மாவை உனக்குத் தெரியாது, சின்ன வயசு, ஸ்கூட்டரில் வீடு வீடாக வந்து குசலம் விசாரிப்பார், அதிகாரமே கிடையாது. அவர் கடைசி பெஞ்சைப் பார்த்து "ஞானமுத்து அண்ணே, நீங்க வந்து வாசிங்க"ன்னு கூப்பிட்டுவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்க்க, இவரால் மறுக்க முடியவில்லை. எழுந்து போனார். விசுவாசத்தினால் நீதிமான்களானவர்களுக்குத் தேவனோடு சமாதானம் உண்டு என்று வருகிற பகுதி அது, நீ ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியதுதான். நன்றாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தார். நாம் திருந்தி நல்லவர்களான பிறகு இல்லை, பாவிகளாக இருக்கும்போதே கிறிஸ்து நமக்காக உயிரைக் கொடுத்தார் என்கிற இடம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. கண்ணாடி வேர்த்து மங்கிவிட்டது போல என்று முதலில் நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அதே வரியைத் திரும்பவும் வாசித்தார், திரும்பவும் நின்றார். ஆயரம்மாதான் மெதுவாகப் பக்கத்தில் வந்து மீதியை வாசித்து முடித்தார், அப்பா அங்கேயே, அந்த மேசையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் போனபிறகு, ஆயரம்மாவும் நானும் அவரும் மட்டும் இருந்தோம். அப்போதுதான் மகளே, அவர் வாயைத் திறந்தார். "கோர்ட்டு என்னய விட்டது பொய்யக் கேட்டுட்டும்மா. அந்த ஆளு ஓரமாத்தான் போனாரு. படிக்கட்டுல தொங்குன பயகள வையுறதுக்கு நான் கழுத்தத் திருப்புனேன். திரும்பிப் பாக்கயில சைக்கிள் முன்னால இருக்கு. வாயத் தொறக்காதன்னு வக்கீல் சொன்னாரு, தொறக்கல"ன்னு சொன்னார். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நான் ஆறுதல் என்று சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. ஆயரம்மா திடுக்கிட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. "அண்ணே, கோர்ட்டு தெரியாம விட்டுச்சு. ஆண்டவரு அம்புட்டும் தெரிஞ்சே விட்டுருக்காரு. அதான் ஒண்ணு நிம்மதி தரல, இன்னொண்ணு தரும்"னு சொன்னார். அப்பா உடனே, அப்ப நான் பெருக்குனதும் கழுவுனதும் பட்டினி கெடந்ததும் எதுக்கு என்று கேட்டார். "குப்பை போகணும்னு பெருக்குங்கண்ணே, தண்டனை தீரணும்னு பெருக்காதீங்க. அந்தத் தண்டனைய ஏற்கெனவே ஒருத்தர் வாங்கியாச்சு, நீங்க மறுபடி வாங்கணும்னா அவரு வாங்குனது பத்தலைன்னு ஆகும்ல"ன்னார். அப்பா அப்படியே முழங்காலில் விழுந்தார். அன்றைக்கு அழுத அழுகையை நான் எழுத மாட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து இவர் ஒரு தட்டு சோறு முழுசாகச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கியதைப் பார்த்ததும் கோபம் இன்னும் கூடியது. எழுந்ததும் கேட்டே விட்டேன், "அங்க ஒரு பொம்பள தாலி அறுத்து உக்காந்துருக்கு, நீங்க விசுவாசிச்சேன்னு சொன்னா முடிஞ்சு போச்சா?" அதற்கு அவர், "சும்மா கெடச்சதுன்னு நெனக்கிறியா முத்து? எனக்குப் பதிலா ஒருத்தர் அடிபட்டுல்ல கெடச்சுருக்கு. இம்புட்டு நாளு அந்தம்மா மொகத்தப் பாக்கப் பயந்தேன். அது காறித் துப்புனா நான் அத்தோட செத்தேன்னு இருந்துச்சு. இப்ப துப்பினாலும் நிப்பேன். போயி உள்ளதச் சொல்லணும்"னார். போலீஸ், கேஸ், உன் குடும்பம், மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று எல்லாவற்றையும் எடுத்துப்போட்டுப் பேசிப்பார்த்தேன். கேட்டுக்கொண்டார், எதையும் மறுக்கவில்லை, போவதையும் விடவில்லை. முன்பெல்லாம் இவர் ஜெபித்தால் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அன்று சாயங்காலம் ஜெபித்தபோது சொந்த வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற பிள்ளை மாதிரி இருந்தது. அதைக் கேட்டுத்தான் நானும் கூடப் போகச் சம்மதித்தேன்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, உசிலம்பட்டியில் இறங்கி, டவுன் பஸ் மாறிப் போனோம். ஊர் பெயர் இப்போது வேண்டாம். இறந்தவரின் மனைவி பாண்டியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார், என் வயசுதான் இருக்கும். யாரு என்று கேட்டார். "அந்த பஸ்ஸு டிரைவர் ஞானமுத்து நான்தான் தாயி"ன்னு அப்பா சொன்னதும் வாளியைக் கீழே வைத்துவிட்டார். அப்பா நின்ற இடத்திலிருந்தே, கழுத்தைத் திருப்பியதிலிருந்து கோர்ட்டில் வாயை மூடி நின்றதுவரை சொல்லி, "உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல"ன்னு முடித்தார். அந்தம்மா அழுவார், வைவார் என்று பார்த்தேன். அவர் முகம் வேறு மாதிரி ஆனது. "குடிச்சுட்டு வண்டியில போயி விழுந்தான்னு ஊரே சொல்லுச்சு. நான் பெத்த மகனே அத நம்பிட்டு அப்பன் படத்துக்கு மாலை போட மாட்டேங்கிறான். அவரு அன்னைக்கு ஒரு சொட்டு தொடல. இப்பச் சொன்னத என் மகன் காதுல சொல்லுங்க"ன்னார். மகனையும் கொழுந்தனார் நல்லகாமனையும் கூப்பிட்டு வரச் செய்தார். அப்பா திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். பாதியிலேயே நல்லகாமன் பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்துவிட்டார், பொத்தான் தெறித்தது, நான் கத்திவிட்டேன். அப்பா கையைக்கூடத் தூக்கவில்லை. "விடுய்யா, அவன் முழுசாச் சொல்லட்டும்"னு அந்தம்மா அதட்டிய பிறகுதான் விட்டார். மகன், கல்யாண வயசுப் பையன், முழுசாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குள்ளே போய்விட்டான், உள்ளேயிருந்து அவன் விம்முகிற சத்தம் மட்டும் கேட்டது. கிளம்பும்போது பாண்டியம்மாள், "மன்னிப்புக் கேட்டுறாதீக, அது என்னால இப்ப ஆகாது"ன்னார். "கேக்க வரல தாயி, அவரு பேரச் சுத்தமாக்கத்தான் வந்தேன்"னு சொல்லிவிட்டு அப்பா கும்பிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் இவர் உடைந்துபோவார் என்று பயந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "மனசு கனக்குது முத்து, ஆனா முன்ன மாதிரி அமுக்கல"ன்னார். செக்கானூரணி வந்ததும் பசிக்கிறது என்று வடை வாங்கித் தின்றார்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி. வக்கீலிடமும் அப்பா போய்ச் சொல்லிவிட்டார், அவர் தலையில் அடித்துக்கொண்டார். கெடு தாண்டியிருந்தாலும் அந்த வீட்டார் அப்பீல் போட்டுக் கோர்ட்டு ஏற்றுக்கொண்டால் கேஸ் திரும்ப உயிர்பெறலாம், இவரே ஒத்துக்கொண்டால் ஜெயிலும் வரலாம் என்கிறார். சொந்தக்காரர்கள் மூலம் அரைகுறையாக உன் காதுக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதினேன். மாப்பிள்ளையிடம் மறைக்காதே, இந்தக் கடிதத்தையே படிக்கக் கொடு. எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், சில நாள் அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் நிற்கிறேன். அப்பாதான் எனக்குத் தைரியம் சொல்கிறார். "பெரிய தீர்ப்பு முடிஞ்சுபோச்சு, இது சின்னத் தீர்ப்பு, எது வந்தாலும் வாங்கிக்கலாம். உள்ள போனாலும் அங்கயும் அவரு என் கூடத்தான் இருப்பாரு"ன்னு சொல்கிறார். இத்தனை வருஷமாக நாம் கோவிலில் சொல்லிக்கொண்டே இருந்த சமாதானம் என்கிற வார்த்தையை இப்போதுதான் நம் வீட்டுக்குள் நடமாடிப் பார்க்கிறேன். நல்லவர்களாக இருந்து சம்பாதிப்பது என்றுதான் நானும் மனசுக்குள் நினைத்திருந்தேன் போல. கொடுத்ததை வாங்கிக்கொண்டபிறகுதான் மனுசனுக்கு நல்லதைச் செய்யவே தைரியம் வருகிறது, இதை உன் அப்பாவிடம்தான் கண்ணால் பார்த்தேன். போன வாரம் திருவிருந்துக்கு எனக்கு முன்னாலேயே எழுந்து போனார், நான்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

அப்பா கொடுத்துவிட்டு வந்த நம்பருக்கு நேற்று பாண்டியம்மாள் போன் செய்தார். சின்னக்கருப்பனுக்கு இந்த வருஷத் தெவசம் வருகிறதாம், சொந்தபந்தம் எல்லாம் கூடுமாம், அந்தச் சபையில் அப்பா வந்து அதே வார்த்தையை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டுமாம். மகன்தான் அப்பன் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு வாங்கிவந்திருக்கிறான் என்றும் சொன்னார். சாப்பிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை, வாருங்கள் என்று மட்டும் சொன்னார், அதுவே போதும். நாளை மறுநாள் போகிறோம். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டு, ராகம் தப்பிய குரலில் ஏதோ கீர்த்தனை பாடிக்கொண்டிருக்கிறார். கேட்கச் சகிக்கவில்லை, ஆனாலும் நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை.

நீ எங்களுக்காக ஜெபம் செய், அதைவிட அதிகமாக அந்த வீட்டுக்காக ஜெபம் செய். நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் ஏதாவது தவறு நடந்தால் ஒளிக்காதே, அன்றைக்கே சொல்லிவிடு, சொல்கிற பலம் உனக்குக் கிடைத்திருக்கிறது. வைட்டமின் மாத்திரையை மறக்காதே, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் தம் செட்டைக்குள் வைத்துக் காப்பாராக, உங்கள் வீட்டுக்குள் அவருடைய சமாதானம் குறையாமல் இருப்பதாக.

உன்னை நினைக்காத வேளையில்லாத
அம்மா,
ஞா. முத்துத்தாய்